லோ என்றால் அவரை

ஜூன் 5, வியாழன்

காலை ஆறரைக்குக் கப்பல் புறப்பட்டுவிட்டது. இருபத்தோரு வருட வேலையில் என் கப்பல் போவதைக் கரையில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. முன்பக்கக் கயிற்றை யார் இழுத்தார்களோ, ஒழுங்காகச் சுருட்டவில்லை. கத்த வாயெடுத்தேன். கேட்காத தூரத்துக்குப் போய்விட்டார்கள்.

ஊரின் பெயர் இக்கீக்கே. சிலி நாட்டின் வடகோடி. முன்னால் கடல். முதுகுப்பக்கம் ஒரு புல்கூட முளைக்காத மணல்மலை. விசாரணை முடியும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டுமாம். ஏஜென்ட் ஆபீஸிலிருந்து கத்திகா என்று ஒருவர் வந்து, எல்சீரா என்ற அம்மாளின் வீட்டில் அறை பிடித்துக் கொடுத்தார். முன்னறையில் முடிவெட்டும் கடை, பின்னால் வாடகைக்கு இரண்டு அறைகள்.

நடந்ததைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். திங்கள் காலை 10.20. கோதுமை இறக்கிக்கொண்டிருந்தோம். தூறல் விழுந்தது. மூன்றாம் நம்பர் சரக்கறையை மூடச் சொன்னார் சீஃப் ஆபிசர். மேல்தள ஆட்களுக்குத் தலைவன், அதாவது போசன், நான்தான்; மூடியை இயக்கும் லீவர் என் கையில். பார்த்துவிட்டுத்தான் இழுத்தேன். மறுபக்கம் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் கை இருந்திருக்கிறது. கத்தியிருக்கிறார். என் காதில் விழவில்லை. அவருக்குக் காயம் பட்டுவிட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. பெயர் நெல்சன் மமானி, வயது நாற்பத்தாறு.

விபத்து.

எல்சீரா தேநீரும், வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டியும் கொடுத்தார். இந்த ஊர்க்காரர்கள் காபி அல்ல, தேநீர் குடிக்கிறார்கள். அதற்கு நன்றி, ஆண்டவரே.

ஜூன் 6, வெள்ளி

துணி துவைத்தேன். கொல்லைப்புறத்தில் கொடிக்கயிறு தொய்ந்து கிடந்தது. அறுத்து, புரி பிரித்துப் பின்னி, இழுத்துக் கட்டினேன். எல்சீரா வந்து தொங்கிப் பார்த்தார். அறுபடவில்லை. கைதட்டினார்.

என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர் என்று சுவரிலிருந்த படத்தைக் காட்டிச் சொன்னார். அவர் பேசுவதில் கால்வாசி புரிகிறது, மீதியைக் கைபேசி மொழிபெயர்க்கிறது.

என் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். கிளாட்வின் மோத்தா. மோத்தா என்றால் அவர்கள் மொழியில் தூசி. "ஆறடி ஆளுக்குத் தூசின்னா பேரு வச்சாங்க?" எங்கள் தூத்துக்குடிக் கடற்கரை முழுக்க பெர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோதான் என்றேன். நம்பவில்லை. தங்கச்சி கல்யாணப் பத்திரிகைப் படத்தைக் காட்டினேன். பத்துப் பெயர்களை உரக்க வாசித்தார். "இத்தனை பேரும் எங்க ஆளுங்க பேரை வச்சிக்கிட்டு, ஒருத்தருக்குக்கூட எங்க பேச்சு தெரியாதா?" என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். நாலு நாள்தான் ஆகிறது.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஒரே ஒரு சொல் விளங்கியது: பெர்தோன். மன்னிப்பு.

ஜூன் 9, திங்கள்

நெல்சன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று எல்சீரா விசாரித்துச் சொன்னார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது?

மாலையில் கடையில் உட்கார்ந்து தலை துவட்டும் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முதியவருக்குக் காதோரம் வெட்டும்போது எல்சீரா, "அசையாதீங்க ஐயா, நோ கியேரோ லாஸ்திமார்லோ" என்றார்.

முதியவர் போனதும் அந்தக் கடைசிச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். பட்டென்று என் முழங்கையைக் கிள்ளினார். வலித்தது. "இதுதான் லாஸ்திமார்!" என்றார்.

பிறகு ஷாம்பூ அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். லாஸ்திமார் என்றால் காயப்படுத்த. அதன் வாலில் யாரை என்பது ஒட்டிக்கொள்கிறது. மே ஒட்டினால் என்னை. தே ஒட்டினால் உன்னை. லோ என்றால் அவரை; எதிரில் இருக்கும் மரியாதைக்குரியவரிடம் பேசும்போது அதே லோ, உங்களை. சே என்றால் தன்னையே.

எனக்கு வேண்டிய வாக்கியத்தை அவரே எழுதினார். நோ கீசே லாஸ்திமார்லோ. உங்களைக் காயப்படுத்த நான் நினைக்கவில்லை.

"இதைப் படிச்சிட்டுப் போங்க" என்றார். எதற்கென்று கேட்கவே இல்லை. அதற்கு நன்றி.

ஜூன் 10, செவ்வாய்

ரொட்டி கருகிவிட்டது. "கே லாஸ்திமா!" என்று எல்சீரா கத்த, பதறி எழுந்து, நான் யாரைக் காயப்படுத்தினேன் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். லாஸ்திமா என்றால் ஐயோ பாவம் என்று அர்த்தமாம். காயப்படுத்துவதற்கும் பரிதாபப்படுவதற்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு இந்த மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கருகிய ரொட்டியைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

ஜூன் 12, வியாழன்

கத்திகா வந்தார். நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம். ஒரு பக்கத்தில் வாக்குமூலம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார், ஸ்பானிஷில்.

"இதுல கையெழுத்துப் போட்டா சனிக்கிழமை விமானம். திங்கக்கிழமை வீட்டுல இருக்கலாம்" என்றார்.

"என்ன எழுதியிருக்கு?"

"தூறல் வந்தது, மூடி மூடப்பட்டது, தொழிலாளிக்குக் கையில அடிபட்டது. நீங்க சொன்னதுதான்."

ஆமாம், நான் சொன்னதுதான். பேனாவை எடுத்துவிட்டேன். ஒரு சொல் கண்ணில் பட்டது. சே லாஸ்திமோ.

"இதுல சேன்னு இருக்கே. அவரே அவரைக் காயப்படுத்திக்கிட்டார்னு ஆகுமா?"

கத்திகா என்னைப் பார்த்த பார்வை மாறியது. "எங்க பேச்சுல அப்படித்தான் சொல்றது. அடிபட்டுச்சுன்னு அர்த்தம். நம்ம ரெண்டு பேருக்கும் இலக்கணம் பேச நேரமில்ல, போசன்."

"அடுத்த வரி என்ன?"

கொஞ்சம் தயங்கினார். "யாருக்கும் சொல்லாம கையை அங்க வச்சிருந்தார்னு."

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஒரு நாள் எதற்கு என்றார். மூக்குக்கண்ணாடி கப்பலில் போய்விட்டது, சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

சாயங்காலம் எல்சீராவிடம் தாளைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். சே என்பதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம், கத்திகா சொன்னது முழுப் பொய் இல்லை என்றார். ஆனால் இரண்டாவது வரியோடு சேர்த்து வாசித்தால் தவறு நெல்சனுடையது. அப்படி முடிவானால் துறைமுகத்துக்குள் போகும் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் எந்தக் கப்பலுக்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

"உங்களைத் திட்டல, மோத்தா. படிச்சதைச் சொன்னேன்" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கடையைப் பெருக்கப் போய்விட்டார்.

முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். 'அவருக்குக் காயம் பட்டுவிட்டது' என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன். படுத்தியது யார் என்று அந்த வரியில் இல்லை. தமிழில் நமக்கு சேகூட வேண்டியதில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டு மனைவி பிரமிளாவைக் கூப்பிட்டேன். தூத்துக்குடியில் சாயங்காலம் ஐந்தரை.

"என்னங்க, சாப்ட்டியளா? எப்ப வாரிய? கையெழுத்துப் போட்டா விட்டுருவாகன்னு நேத்து சொன்னிய?"

காகிதத்தில் இருப்பதைச் சொன்னேன்.

"அந்த மனுசன் கை அங்க இருந்தத நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"மறுபக்கம் ஒரு நட நடந்து பாத்துட்டு, விசில் ஊதிட்டுத்தான் மூடுவேன்னு சொல்லுவியல்லா?"

"தூறல். அவசரம்."

"எத்தன மணிக்கு?"

"காலையில."

"காலையிலன்னா எத்தன மணி?"

"பத்து இருபது."

அங்கே அவள் விரல் விட்டு எண்ணுவது எனக்குக் கேட்காது. ஆனால் எண்ணினாள். இருபது வருடமாக என் கப்பல் நிற்கும் ஊர்களின் நேரத்தை எண்ணிப் பழகியவள்.

"இங்க ராத்திரி எட்டாகப் போவுது... அன்னைக்கு நான் தண்ணி மோட்டார் ரிப்பேரப் பத்தி வாட்ஸ்அப்புல நாலு நிமிசம் பேசி அனுப்புனேன். அனுப்புன கையோட மைக் நீலமாயிட்டு. உடனே கேக்காகளேன்னு சந்தோசப்பட்டேன்." குரல் இறங்கிப்போனது. "ஏங்க, அப்ப அதக் கேட்டுக்கிட்டா நின்னிய?"

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"சொல்லுங்க."

"ஆமா."

பதினோரு நாளாக எழுதாததை இப்போது எழுதிவிடுகிறேன். ஹெல்மெட்டுக்குள் வலது காதில் இயர்போன் இருந்தது. மறுபக்கம் நடக்கவில்லை. விசில் ஊதவில்லை. 'பார்த்துவிட்டுத்தான் இழுத்தேன்' என்று எழுதியது பொய். அவர் கத்தினார். என் காதில் பிரமிளா பேசிக்கொண்டிருந்தாள், மெக்கானிக் மூன்று நாளாக வரவில்லை என்று.

வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி, இது தெரிந்தால் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்பது. அவளிடமிருந்து மறைக்கத்தான் எல்லோரிடமும் மறைத்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கிறது. முழுவதும் உண்மை இல்லை.

அவள் அழுதாள். முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"நான் பேசி அனுப்புனேன். வேல நேரத்துல கேக்கச் சொன்னேனா? எனக்காக ஒண்ணையும் மறைக்காதிய. நம்ம புள்ள நிவியாவக் காலேஜ்ல சேக்கணும், எனக்கும் தெரியும். ஆனா அந்த மனுசன் பொண்டாட்டிகிட்ட யாரு போய்ச் சொல்லுவா? நீங்கதான சொல்லணும். சொல்லிருங்க."

இப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்ததற்கு என்ன சொல்லி நன்றி சொல்வது, தெரியவில்லை.

ஜூன் 14, சனி

கத்திகாவிடம் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கான விமானம் நான் இல்லாமல் போனது.

ஜூன் 15, ஞாயிறு

நெல்சன் வீடு மணல்மலைக்கு மேலே இருக்கிறது. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. எல்சீரா கூட வந்தார். பஸ்ஸில் என் உதடு அசைவதைப் பார்த்து, "போதும், தேய்ஞ்சிடும்" என்றார்.

கதவைத் திறந்தது நெல்சனின் மனைவி யோலாந்தா. நான் யாரென்று எல்சீரா சொன்னதும் வழிவிட்டார். உட்காரச் சொல்லவில்லை. நெல்சன் ஜன்னலோரம் இருந்தார். குள்ளமான, அகன்ற தோள்கொண்ட மனிதர். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். கப்பலில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவரின் முதுகைத்தான் பார்த்தேன்.

நின்றபடி சொன்னேன். "பெர்தோன், ஐயா. நோ கீசே லாஸ்திமார்மே."

யோலாந்தாவின் முகம் இறுகியது. எல்சீரா என் சட்டையை இழுத்து, "லோ, லோ" என்று கிசுகிசுத்தார். அப்போதுதான் உறைத்தது. என்னைக் காயப்படுத்திக்கொள்ள நான் நினைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அத்தனை நாள் படித்தும், நாக்கு என்னைத்தான் முதலில் காப்பாற்றப் போனது.

"லோ" என்றேன். "லாஸ்திமார்லோ. யோ லோ லாஸ்திமே." நான்தான் உங்களைக் காயப்படுத்தினேன்.

மற்றதற்கு என்னிடம் சொற்கள் இல்லை. பையிலிருந்து இயர்போனை எடுத்துக் காதில் வைத்தேன். இல்லாத லீவரைப் பிடித்தேன். மறுபக்கம் தலையைத் திருப்பாமல் இழுத்துக் காட்டினேன். விசிலைத் தொட்டு, ஊதவில்லை என்று தலையாட்டினேன்.

நெல்சன் வெகுநேரம் அந்த இயர்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் அல்ல, மனைவியிடம் பேசினார். எல்சீரா எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"யோலாந்தா, கேட்டியா? நான் வைக்கல. சரக்கறைக்குள்ளேர்ந்து ஏணி ஏறி வெளிய வந்தேன், விளிம்பைப் பிடிச்சேன். வேற எதைப் பிடிக்க? எல்லாரும் கையை ஏன் அங்க வச்சே, ஏன் வச்சேன்னு கேட்டாங்க. நீயும் கேட்டே. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. குடிச்சிருந்தேனா, தூங்கிட்டேனா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு."

அவர் அழுதார். யோலாந்தா போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெல்சன் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கிராசியாஸ்." நன்றி.

எனக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எல்சீரா அதைக் கற்றுத்தரவில்லை.

யோலாந்தா மட்டும் கேட்டார்: "பதிமூணு நாள் எங்க இருந்தீங்க?"

இயர்போனைப் பைக்குள் போட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எல்சீரா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து நீட்டினார்.

ஜூன் 17, செவ்வாய்

துறைமுக அதிகாரி அலுவலகம். ஆங்கிலத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளப் பெண். இயர்போன், விசில், நடக்காத நடை, எல்லாம் சொன்னேன். அதிகாரி இளைஞர், வேகமாகத் தட்டச்சு செய்தார். அச்சான தாளில் மறுபடியும் சே லாஸ்திமோ என்று இருந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில் எழுதிவிட்டார்.

விரலை வைத்துக் காட்டி, "சே இல்ல. லோ. யோ லோ லாஸ்திமே" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி, "இப்படி எழுதினா உங்களுக்குத்தான் பாதகம். புரியுதா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன். திருத்தி, மறுபடி அச்செடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

கத்திகா வாசலில் கைகொடுக்காமல் போனார். அவருடைய வேலை அது. கோபமில்லை.

ஜூன் 19, வியாழன்

எல்சீராவின் குளியலறைக் குழாயில் வாஷர் மாற்றினேன். மூன்று நாற்காலிகளுக்கு வார்னிஷ். பிரமிளாவோடு ஒரு மணி நேரம் பேசினேன், நிவியாவும் வந்தாள். "அப்பா, நீங்க பேசுற ஸ்பானிஷக் கேட்டு அந்த ஊர்க்காரங்க பொழச்சிருக்காங்களா?" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

முடிவு வந்துவிட்டது. நெல்சன் மேல் தவறில்லை. அட்டை அவரிடமே இருக்கும். கை ஆறியதும் வாசலில் லாரிகளைப் பதிவு செய்யும் வேலை தருவார்களாம். மறுபக்கம் ஆளை நிறுத்தாமல் மூடச் சொன்னதற்கு சீஃப் ஆபிசர் மேலும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கம்பெனியிடமிருந்து நாலு வரி மின்னஞ்சல். ஒப்பந்தம் முடிந்தது, இனி அழைக்க மாட்டோம். கப்பல் வேலைச் சான்றிதழை ஆறு மாதம் நிறுத்திவைக்கலாம் என்று தெரிகிறது. சனிக்கிழமை விமானம்.

பிரமிளாவிடம் சொன்னேன். "ஆறு மாசந்தான? கல்யாணமாகி ஒரு தடவையாவது ஆறு மாசம் சேந்தாப்புல வீட்டுல இருந்திருக்கியளா?" என்றாள். தைரியத்துக்குச் சொன்னாளோ, நிஜமாகத்தான் சொன்னாளோ. இரண்டில் எதுவானாலும் போதும்.

ஜூன் 27, வெள்ளி

நாளை புறப்படுகிறேன். எல்சீரா மதியமே கடையைப் பூட்டிவிட்டார். காலையிலிருந்து அடுப்பில் மாட்டிறைச்சி. இரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டதற்குக் கரண்டியை ஆட்டி என்னை விரட்டினார்.

ஒரு மணிக்கு நெல்சனும் யோலாந்தாவும் வந்தார்கள். கட்டு சின்னதாகியிருந்தது. கூப்பிட்டது எல்சீராதான். ஆனால் கூப்பிட்டால் மலையிறங்கி வரவேண்டும் என்று அவர்களுக்கு என்ன கட்டாயம்?

நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். எனக்கு வாக்கியங்கள் அதிகம் இல்லை. மலை, மீன், மகள், தூத்துக்குடி, இவ்வளவுதான். எங்கள் ஊரிலும் கடலும் உப்பும் உண்டு என்றேன். நெல்சன் தலையாட்டினார். யோலாந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. உப்பைக் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்.

தட்டில் பெரிய இறைச்சித் துண்டு விழுந்தது. நெல்சன் வலது கையில் முள்கரண்டியை எடுத்தார். கத்தி பிடிக்கக் கட்டுப்போட்ட கை இன்னும் உதவாது. ஒரு கையால் கரண்டியைக் குத்திக் கிழிக்கப் பார்த்தார், தட்டு நகர்ந்தது. யோலாந்தா வழக்கம்போலக் கையை நீட்டினார். நெல்சன் அவர் கையை மெதுவாக விலக்கினார்.

பிறகு தட்டை மேஜைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளினார்.

நான் யோலாந்தாவைப் பார்த்தேன். அவர் தன் தட்டிலிருந்த கத்தியை எடுத்து, துடைத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

வெட்டினேன். எலும்பை ஒட்டிய சதையைத் தனியே எடுத்தேன். கொழுப்பை ஒதுக்கினேன். வாயில் வைத்ததும் மென்றுவிடக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்னதாக வெட்டினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. முடித்துவிட்டுத் தட்டைத் திருப்பித் தள்ளினேன். நெல்சன் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு என்று எல்சீராவிடம் சொன்னார்.

எல்லாவற்றையும் சாப்பிட்டார். ஒரு துண்டுகூட மீதி வைக்கவில்லை.